எதிர்மலை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். முப்பத்தொரு வருடம் புவியியல் எடுத்தேன். சுவரில் தொங்கும் வரைபடத்தில் இமயமலையைக் குச்சியால் தொட்டுத் தொட்டு அந்த இடமே வெளுத்துப்போனது. நேரில் பார்த்த பெரிய மலை என்றால் ஊட்டி தொட்டபெட்டாதான். சென்ற மே மாதம் ஓய்வு பெற்றுவிட்டேன். இனி ஐந்து வருடத்துக்குள் உலகத்தின் அழகான மலைகளைப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறேன்: எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா, கயிலை, டெனாலி, கிளிமஞ்சாரோ, மேட்டர்ஹார்ன், ஃபியூஜி, ஃபிட்ஸ் ராய், சிவனொளிபாதமலை.

எதை முதலில் வைப்பது, எந்த மாதம் போவது, எத்தனை நாள் ஒதுக்குவது? மகள் ஜெர்மனியில் இருக்கிறாள். கணவருக்குச் சர்க்கரை உண்டு, இடது முழங்காலும் கொஞ்சம் தகராறு. கடற்கரை ஊரில் பிறந்தவளுக்கு இந்த வயதில் மலை எதற்கு என்று என் நாத்தனார் கேட்கிறார். அதற்கும் ஒரு பதில் சொல்லுங்கள்.

பி.கு: கணவர் ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். அவ்வளவு தூரம் போய் மலை தெரியாவிட்டால் காசு திரும்பக் கிடைக்குமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள டீச்சர்,

பட்டியலைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எவரெஸ்ட் 8,849 மீட்டரில் தொடங்கி இலங்கையின் சிவனொளிபாதமலை 2,243 மீட்டரில் முடிகிறது. உயரவாரியாக, பாடப்புத்தக அட்டவணை மாதிரியே. தாளை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பிடியுங்கள். பாதித் திட்டம் அங்கேயே முடிந்துவிடும்.

மீதிப் பாதிக்கு நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். ஒரு மலையைக் கண்ணாரப் பார்க்க வேண்டும் என்றால் அதற்கு எதிரே, அதைவிடக் குட்டையான ஒரு மேட்டில் போய் உட்கார வேண்டும். எனக்குள் இதற்கு எதிர்மலை என்று பெயர். எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு ஒரு வாரத்துக்கு மேல் நடந்து, 5,364 மீட்டரில் மூச்சு வாங்க நிற்பவருக்குச் சிகரம் சரியாகத் தெரியாது; பக்கத்து மலைகள் மறைத்துக்கொள்ளும். அதைப் பார்க்க காலா பத்தர் என்ற இன்னொரு மேட்டில் ஏற வேண்டும். கிளிமஞ்சாரோ இருப்பது தான்சானியாவில். ஆனால் அதை முழுசாக, கீழே யானைகள் மேய, பார்க்க வேண்டும் என்றால் எல்லைக்கு இந்தப் பக்கம் கென்யாவின் அம்போசெலிக்குப் போக வேண்டும். அங்கே ஏறவே வேண்டாம். சாரின் முழங்காலுக்கும் அதுதான் தோது.

ஆகவே மலைகளின் பெயருக்குப் பக்கத்தில் அவற்றின் எதிர்மலையை எழுதுங்கள். நாங்கள் ஏறவேண்டிய உயரம் இவ்வளவுதானா என்று உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

அப்புறம் நாள் கணக்கு. இதில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். கஞ்சன்ஜங்காவைப் பார்க்க நான் முதன்முதலாக டார்ஜிலிங் போனபோது மூன்று இரவுதான் திட்டம். முதல் நாள் காலை மூன்றரைக்கு எழுந்து, ஜீப்பில் டைகர் ஹில் போய், நூறு பேரோடு நடுங்கிக்கொண்டு நின்றேன். வெள்ளைத் துணியை மூஞ்சியில் போட்டதுபோல பனிமூட்டம். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் போகவே இல்லை, போர்வையை இழுத்துக்கொண்டு படுத்துவிட்டேன். டிக்கெட்டை ஒரு நாள் தள்ளிப்போட்டேன், அபராதம் கட்டி. நான்காம் நாள் காலை ரொட்டி வாங்கக் கடைக்குப் போனவன், வழியில் மேகம் விலகிய மாதிரி இருக்கிறதே என்று வடக்கே பார்த்தேன். எதிர்மேட்டுக்கு மேலே வெறும் மேகம்தான். ரொட்டிக்காரர் என் தாடையைப் பிடித்துத் தூக்காத குறையாக, "இன்னும் மேலே, இன்னும் மேலே" என்றார். மேகத்துக்கும் மேலே, வானம் என்று நான் ஒதுக்கிவைத்திருந்த இடத்தில், கஞ்சன்ஜங்கா இளஞ்சிவப்பாக நின்றுகொண்டிருந்தது. நான் மூன்று நாளும் தப்பான உயரத்தில் தேடியிருக்கிறேன்.

அந்த மலை டார்ஜிலிங்கிலிருந்து எழுபத்துச் சொச்சம் கிலோமீட்டர். புதுச்சேரியில் என் வீட்டிலிருந்து செஞ்சிக்கோட்டை எவ்வளவு தூரமோ ஏறக்குறைய அவ்வளவு. கையை நீட்டி, மூன்று விரலைப் படுக்கைவாக்கில் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். அந்த உயரத்துக்கு அது நிற்கும். செஞ்சி மலை அத்தனை தூரத்திலிருந்து அப்படி நின்றால் எங்கள் காந்தி சிலையடியில் சுண்டல் வாங்க ஆள் இருக்காது.

அதனால் எந்த மலைக்குப் போனாலும் குறைந்தது நான்கு காலை. நான்கு நாள் என்று சொல்லவில்லை, நான்கு காலை. சூரியன் ஏற ஏறச் சரிவு சூடாகி, ஈரக்காற்று மேலே எழும்பி, ஒன்பது பத்து மணிக்கெல்லாம் மேகமாகக் கட்டிக்கொள்ளும். இந்தப் பாடத்தை உங்களுக்கே நான் நடத்தக்கூடாது. ஐந்து வருடத்தில் ஒன்பது மலை என்பதை ஐந்து பயணம் என்று வையுங்கள். மிச்சமான நாட்களை அந்த ஐந்துக்குப் பகிர்ந்து கொடுங்கள்.

டெனாலியை நான் பட்டியலிலிருந்து அடித்துவிடுவேன். அலாஸ்கா வரை போகிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான் அது முகம் காட்டுகிறது. ஃபிட்ஸ் ராய் அர்ஜென்டினா–சிலி எல்லையில், நமக்கு உலகின் மறுகோடியில். அதற்கு அந்த மண்ணின் மக்கள் வைத்த பெயர் சால்தேன், புகையும் மலை என்று அர்த்தம். எரிமலை அல்ல, உச்சியில் எப்போதும் மேகம் ஒட்டிக்கொண்டிருப்பதால் வந்த பெயர். பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிற மலைக்கு இத்தனை செலவு செய்து போக நான் சொல்லமாட்டேன். கயிலைக்கு மனசு ஏங்குகிறது என்றால் அது வேறு கணக்கு, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் மலையைச் சுற்றிவரும் பரிக்கிரமாவில் டோல்மா கணவாய் 5,630 மீட்டர். காற்றழுத்தம் கடலூரில் இருப்பதில் பாதிதான். அரசு ஏற்பாட்டில் போனால் வயது எழுபதைத் தாண்டக்கூடாது, உடல் பரிசோதனையும் கண்டிப்பானது. சார் கட்டாயம் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான்.

உயரத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நான் அதில் அடிபட்டவன். லடாக்கில் லே நகருக்குப் போவதற்கு ஒரு ஏஜென்ட் போட்டுக்கொடுத்த திட்டத்தில், விமானம் இறங்கிய அன்றே ஊர்சுற்றல் இருந்தது. "ஒண்ணும் ஆகாது சார், எல்லாரும் போறாங்க" என்றார். கடல் மட்டத்திலிருந்து ஒரே தாவலில் 3,500 மீட்டர். சாயங்காலம் சாந்தி ஸ்தூபியின் படிகளில் பாதியில் உட்கார்ந்தவன், இரவு முழுக்க வாந்தி, மண்டையை யாரோ திருகு போட்டு முறுக்குவது மாதிரி வலி. இரண்டு நாள் படுக்கை. ஏஜென்டை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, நானும் படித்தவன்தான். பகலில் எவ்வளவு ஏறினீர்கள் என்பதைவிட இரவில் எந்த உயரத்தில் தூங்குகிறீர்கள் என்பதுதான் கணக்கு. 3,000 மீட்டருக்கு மேல் ஒரு இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். தலைவலியும் குமட்டலும் வந்தால் அங்கேயே நில்லுங்கள். தள்ளாட்டமோ, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குவதோ வந்தால் நடு ராத்திரியானாலும் கீழே இறங்குங்கள். இன்சுலின் எடுப்பவர் என்றால் அது உறையக்கூடாது, உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். குளிரில் சர்க்கரை பார்க்கும் மெஷினும் தப்பாகக் காட்டும்.

சரி, வரிசைக்கு வருகிறேன். வருகிற தை, மாசியில் சிவனொளிபாதமலை. டிசம்பர் மாதப் பௌர்ணமியிலிருந்து மே மாதப் பௌர்ணமி வரைதான் அங்கே யாத்திரைக் காலம். வழியெல்லாம் விளக்கு, தேநீர்க் கடை. அடிவார ஊரான நல்லதண்ணியில் தங்கி இரவு இரண்டு மணிக்குப் புறப்பட வேண்டும். ஐயாயிரத்துக்கு மேல் படிகள், இறங்கும்போதுதான் முழங்கால் அழும். சாரைக் கீழேயே பிளேன்டீயோடு உட்காரவைத்துவிட்டு நீங்கள் ஏறுங்கள். மேலே சூரியன் வரும்போது எல்லோரும் கிழக்கே பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள். நீங்கள் கும்பிட்ட கையோடு மேற்குப் பக்கம் வந்துவிடுங்கள். மலையின் நிழல் கீழே பனிப்புகையின்மேல் அச்சு அசலாக முக்கோணமாக விழுந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் சுருங்கிப் போய்விடும். எதிர்மலை கிடைக்காத இடத்தில் மலையே தன் நிழலை எதிரே அனுப்பிவைக்கிறது என்று அன்று தோன்றியது.

அடுத்து ஐப்பசி, கார்த்திகையில் டார்ஜிலிங். நமக்கு மழை கொட்டுகிற அதே நாட்களில் அங்கே வானம் கழுவித் துடைத்த மாதிரி இருக்கும். 'தானே' புயலைப் பார்த்த கடலூர்க்காரர் யாருக்கும் அந்த மாதங்களில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போக மனசு வராது, எனக்குத் தெரியும். நாத்தனாரிடம் சாவியைக் கொடுங்கள். அங்கிருந்தே மானேபஞ்சாங் போய் ஜீப் பிடித்தால் சந்தக்ஃபூ, 3,636 மீட்டர். எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா, லோட்சே, மக்காலு என்று உலகின் முதல் ஐந்து சிகரங்களில் நான்கு ஒரே மேட்டிலிருந்து தெரியும். உங்கள் பட்டியலில் இரண்டு ஒரே பயணத்தில் தீர்ந்தது. ஒரே நாளில் ஏறிவிடாதீர்கள். வழியில் தும்லிங்கில் ஒரு இரவு, காலிபோக்ரியில் ஒரு இரவு.

மேட்டர்ஹார்னுக்கு மகளோடு ஆகஸ்டு, செப்டம்பரில் போகலாம். சுவிட்சர்லாந்தின் செர்மாட்டிலிருந்து கோர்னர்கிராட் மேடு வரை ரயிலே போகிறது, 1898இலிருந்து. அரை மணி நேரத்தில் 3,089 மீட்டர். மேலே போய் ஓடியாடாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கீழே வந்து தூங்குங்கள். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கோடையில் விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பது கஷ்டம்.

ஃபியூஜியில் ஏறும் காலம் ஜூலையிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை. பார்க்கும் காலம் டிசம்பர், ஜனவரி. கோடையில் ஏறுகிறவர்கள் காலடியில் மலையை வைத்துக்கொண்டு மேகத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். குளிர்காலத்தில் கவாகுச்சி ஏரிக்கரையில் தங்குங்கள். டோக்கியோவிலிருந்து கியோட்டோ போகும் புல்லட் ரயிலில் வலப்பக்க ஜன்னல், சாதாரணப் பெட்டியில் 'ஈ' வரிசை இருக்கை. முக்கால் மணி நேரத்தில் அதுவாகவே வந்து நிற்கும்.

கடைசி வருடத்துக்கு அம்போசெலி. கிளிமஞ்சாரோவின் பனி குறைந்துகொண்டே வருவதால் முன்னால் தள்ளினாலும் சரிதான், பணம்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் செஞ்சி. அங்கே ராஜகிரிக் குன்றை மாதம் இரண்டு முறை ஏறி இறங்குங்கள், காலையிலேயே. வெயில் ஏறினால் பாறை சுடும், குரங்குகள் பையைப் பிடுங்கும். வெளியூருக்கு வாங்கிய புது ஷூவை அங்கேதான் பழக்க வேண்டும். உங்கள் ஊர்க் கேப்பர் மலை மேட்டில் நடப்பதைப் பயிற்சி என்று தயவுசெய்து எழுதாதீர்கள்.

நாத்தனாரை ஒரு ஞாயிற்றுக்கிழமை பாண்டிக்குக் கூட்டிவாருங்கள். கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைச் சுற்றி எட்டுக் கருங்கல் தூண்கள் நிற்கின்றனவே, அவை செஞ்சியிலிருந்து வந்தவை. அந்த மலையின் கோட்டையை 1750இல் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் கரையிலிருந்துதான் போனார்கள். அலை தெறிக்கிற தூரத்தில் மலைநாட்டுத் தூணில் சாய்ந்துகொண்டு, கடற்கரைக்காரிக்கு மலை எதற்கு என்று அவர் இன்னொரு தடவை கேட்கட்டும்.

சாரின் கேள்விக்கு: கிடைக்காது. பனிமூட்டமான காலையிலும் டைகர் ஹில் ஜீப்காரர் அதே வாடகைதான் வாங்குவார். ஏறுவதற்கு முன்பே ஒன்று மட்டும் பேசிக்கொள்ளச் சொல்லுங்கள்: திரும்பும் வழியில் கூம் மடாலயத்திலும் பொம்மை ரயில் சுற்றித் திரும்பும் பதாசியா லூப்பிலும் நிறுத்த வேண்டும், அதற்குத் தனியாகக் காசு கேட்கக்கூடாது.