பல் அடைத்த இடத்தில் மட்டும் ஈறில் ரத்தம் வருகிறது, சாப்பாடு சிக்குகிறது. அடைத்த பொருள் ஒத்துக்கொள்ளவில்லையா?

பெரும்பாலும் பொருளைக் குறை சொல்ல முடியாது. அடைப்பின் ஓரம் எப்படி அமைந்திருக்கிறது என்பதுதான் காரணமாக இருக்கும். ஒவ்வாமை அபூர்வம். அமால்கம் என்னும் வெள்ளி நிற அடைப்பு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, அதை உரசும் கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கின் ஓரத்திலோ வெள்ளைக் கோடுகளாகப் புண் தெரியும். பல் இடுக்கில் மட்டும் ரத்தம் கசியாது.

மெல்லும் பரப்பின் பள்ளத்தில் மட்டும் அடைத்திருந்தால் ஈறுக்குத் தொந்தரவே இல்லை. இரண்டு பற்களின் இடுக்கில் அடைப்பு இறங்கும்போதுதான் சிக்கல். அங்கே பல்லின் பக்கச் சுவர் சொத்தையில் போயிருக்கும். அதனால் பல்லைச் சுற்றி மெல்லிய உலோகப் பட்டை கட்டி, இடுக்கில் சிறிய ஆப்பு செருகி, அதன் பிறகே பொருளை வைப்பார்கள். ஆப்பு சரியாக உட்காராவிட்டால் பட்டைக்கு அடியில் பொருள் பிதுங்கி, ஈறுக்குள் விளிம்பாக இறுகிவிடும். இதைத்தான் ஓவர்ஹேங் என்பார்கள். அதன் அடியில் பிரஷ் போகாது. தேங்கும் படிவில் ஆக்சிஜன் தேவைப்படாத கிருமிகள் பெருகும். ஈறு வீங்கும், ரத்தம் கசியும், கவனிக்காமல் விட்டால் எலும்பும் கரையத் தொடங்கும்.

இன்னொரு குறை, பக்கத்துப் பல்லோடு இறுக்கமாகத் தொடாத அடைப்பு. அமால்கத்தை அழுத்தித் திணிக்கும்போது அது பட்டையைப் பக்கத்துப் பல்வரை தள்ளும். பல் நிறக் காம்போசிட் அப்படித் தள்ளாது. பற்களைச் சற்றே விலக்கும் வளையமும் வளைவான சிறு பட்டையும் பயன்படுத்தாவிட்டால் இடைவெளி விழ வாய்ப்பு அதிகம். கீரையும் மாம்பழ நாரும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் சிக்கினால் முதல் சந்தேகம் இதுதான்.

மூன்றாவது, ஆழம். எலும்புக்கு மேலே சுமார் 2 மி.மீ. உயரத்துக்கு ஈறு பல்லோடு ஒட்டியிருக்கிறது. அடைப்பின் ஓரம் அதற்குள் இறங்கிவிட்டால் எவ்வளவு சுத்தமாகத் துலக்கினாலும் அழற்சி அடங்காது. எலும்பிலிருந்து ஓரம் வரை 3 மி.மீ. விடுவது வழக்கம். அது கிடைக்காத பல்லில் ஈறையும் சிறிது எலும்பையும் செதுக்கும் சிறு அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

அடைத்த முதல் வாரம் ரத்தம் வந்தால் பயப்பட வேண்டாம். ஆப்பும் பட்டையும் பட்ட காயம் அது. இரண்டு வாரம் தாண்டியும் நிற்காவிட்டால் பல் இடுக்கில் ஃப்ளாஸ் நூலை விட்டுப் பாருங்கள். நூல் பிரிந்து கிழிந்தால் ஓரம் நீட்டிக்கொண்டிருக்கலாம். தடையே இல்லாமல் வழுக்கி இறங்கினால் பக்கத்துப் பல்லோடு உள்ள தொடர்பு தளர்வு.

மருத்துவரிடம் பைட்விங் எக்ஸ்ரே (பல்லைக் கடித்த நிலையில் பல் இடுக்குகளைக் காட்ட எடுக்கும் சிறு படம்) கேளுங்கள். முழுத் தாடைப் படத்தில் இந்த ஓரம் தெளிவாகத் தெரியாது. கன்னப் பக்கமும் நாக்குப் பக்கமும் நீட்டும் விளிம்பு பைட்விங்கிலும் தெரியாமல் போகலாம், கூர்முனைக் கருவியால் தடவித்தான் பார்க்க வேண்டும். ஈறுப் பையின், அதாவது பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள பள்ளத்தின், ஆழத்தையும் அளக்கச் சொல்லுங்கள்: 1 முதல் 3 மி.மீ. வரை இயல்பு. 4 மி.மீ.க்கு மேல் போய் ரத்தமும் வந்தால் சிகிச்சை வேண்டும்.

சிறிய விளிம்பை நுண் பர் என்னும் சுழலும் தேய்ப்பு முனையாலும் மெருகுப் பட்டையாலும் ஒரே அமர்வில் சீராக்கலாம். பெரியது என்றால் அடைப்பை மாற்றத்தான் வேண்டும். தளர்ந்த தொடர்பை எவ்வளவு தேய்த்தாலும் சரிசெய்ய முடியாது, மறுபடி அடைக்க வேண்டும். இதை மருத்துவரிடம் கேட்கத் தயங்கவே கூடாது.

அதுவரை தினமும் ஒருமுறை இடுக்குக்குப் பொருந்தும் அளவிலான இடைப்பல் பிரஷ் போடுங்கள். ரத்தம் வருகிறதென்று நிறுத்தாதீர்கள். பல்குத்தியால் குத்துவது ஈறை மேலும் கிழிக்கும். குளோர்ஹெக்சிடின் என்னும் கிருமிநாசினிக் கொப்பளிப்பை வாரக்கணக்கில் தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை படியும், ஓரமோ அப்படியே இருக்கும்.

வாய் முழுக்க ரத்தம் கசிந்தால் அடைப்பைக் குற்றம் சொல்லாமல் பொதுவான ஈறு நோய்க்குச் சோதியுங்கள்; சர்க்கரை அளவையும் பாருங்கள். புகைப்பவர்களுக்கு ஈறு நோய் முற்றியிருந்தாலும் ரத்தம் குறைவாகவே வரும் என்பதால் அவர்களுக்கு அளவீடு இன்னும் அவசியம்.

ஓரத்தைச் சரிசெய்து ஆறு முதல் எட்டு வாரம் கழித்து அதே இடத்தை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். வீக்கம் வடிந்து ஆழம் குறைந்திருக்க வேண்டும். கரைந்துபோன எலும்பு மட்டும் தானாக வளர்ந்து பழையபடி ஆகாது.