பெட்டி வந்த வழி

கேள்வி: 1792இல் நியூயார்க் மாநில ஆளுநர் தேர்தலில் வெறும் 108 ஓட்டில் தோற்ற ஜான் ஜே, மறுபேச்சில்லாமல் ஒதுங்கிக்கொண்டார். அந்த நாகரிகம் இன்று எங்கே போயிற்று?
– வாசகர் ஒருவர், தஞ்சாவூர்

பதில்: 108 சரி. ‘தோற்ற’ என்பதில்தான் தகராறு. அப்போதைய ஆளுநர் ஜார்ஜ் கிளின்டனுக்கு 8,440, ஜேவுக்கு 8,332 என்று அறிவித்தார்கள். அந்தக் கணக்கில் ஆட்ஸிகோ, டயோகா, கிளின்டன் ஆகிய மூன்று கவுண்டிகளின் (நம் மாவட்டம் மாதிரி) ஓட்டுச் சீட்டு ஒன்றுகூட இல்லை. (மூன்றாவது, ஆளுநரின் பெயரையே சூட்டிக்கொண்ட கவுண்டி!)

அன்று ஆளுநர் தேர்தல் சீட்டுகளை ஊரில் எண்ண மாட்டார்கள். முத்திரையிட்டு கவுண்டியின் தலைமைக் காவல் அதிகாரியான ஷெரிஃபிடம் ஒப்படைப்பார்கள். அவர் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு, தானோ தன் துணை அதிகாரியோ மாநிலச் செயலரின் அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். எண்ணுவது, சட்டமன்றத்தின் இரு அவைகளிலிருந்தும் தலா 6 பேர் கொண்ட குழு. அது சொன்னதே முடிவு, மேல்முறையீடு கிடையாது. 1792 குழுவில் கிளின்டன் ஆட்களே அதிகம்.

ஆட்ஸிகோ ஷெரிஃபின் பதவிக்காலம் பிப்ரவரியிலேயே முடிந்திருந்தது. புதியவர் இன்னும் பொறுப்பேற்கவில்லை. பழையவரே பெட்டியை அனுப்பினார். ‘ஷெரிஃப் அல்லாதவர் அனுப்பிய பெட்டி’ என்று தள்ளினார்கள். பொறுப்பில் யாருமே இல்லையென்றால் பெட்டியை யார்தான் அனுப்புவது? டயோகாவில் பெட்டியோடு கிளம்பிய துணை அதிகாரி வழியில் நோயில் விழ, வேறொருவர் கொண்டுவந்து சேர்த்தார். கிளின்டன் கவுண்டிப் பெட்டியைக் கொண்டுவந்தவரிடம் முறையான எழுத்து நியமனம் இல்லை. மூன்றிலும் குற்றம் கண்டது பெட்டி வந்த வழியில்தான், உள்ளே இருந்த ஓட்டில் அல்ல.

குழு, செனட்டர்கள் ரூஃபஸ் கிங், ஆரன் பர் இருவரிடமும் கருத்துக் கேட்டது. ஆட்ஸிகோவை எண்ணலாம் என்றார் கிங், கூடாது என்றார் பர். கிங் ஜே பக்கமும் பர் கிளின்டன் பக்கமும் சாய்ந்தவர்கள் என்று தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியமில்லை. பெரும்பான்மை பர் பக்கம் நின்றது. சீட்டுகளையும் எரித்துவிட்டார்கள், பிறகு சரிபார்க்க எதுவுமில்லை. ஆட்ஸிகோ பெட்டியைத் திறந்திருந்தால் ஜே வென்றிருப்பார் என்பதே பொதுவான கணிப்பு.

ஜே தரப்பு மட்டும் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. ஆட்ஸிகோவின் பெரும் நிலவுடைமையாளர் நீதிபதி வில்லியம் கூப்பர், வாக்காளர்களை மிரட்டினார் என்ற புகார் சட்டமன்றம் வரை போனது. ஆனால் பெட்டியைத் தள்ளச் சொன்ன காரணம் அதுவல்ல. இத்தனைக்கும், அன்று ஆளுநர் தேர்தலில் ஓட்டுப் போட 100 பவுண்டு மதிப்புள்ள சொந்த நிலம் வேண்டும். அவ்வளவு நிலம் இல்லாத விவசாயிகளுக்கு அந்தப் பேச்சே இல்லை.

மறுபேச்சில்லாமல் என்கிறீர்கள். மாநிலமெங்கும் கண்டனக் கூட்டங்கள், சட்டமன்றத்துக்கு மனுக்கள். விசாரித்த கீழவை, எண்ணியவர்கள் மேல் குற்றமில்லை என்று தீர்மானம் போட்டது. நிதானமாக இருங்கள் என்று ஆதரவாளர்களிடம் ஜே சொன்னது உண்மை. அமெரிக்காவின் தலைமை நீதிபதியாக இருந்துகொண்டே போட்டியிட்டவர், வேறென்ன சொல்வார்? 1795இல் கிளின்டன் நிற்கவில்லை. ஜே, பிரிட்டனுடன் அமெரிக்காவுக்கான ஒப்பந்தம் பேச லண்டன் போயிருந்த நேரத்தில் நடந்த தேர்தலில், ஊரில் இல்லாமலே ஜெயித்தார்.