சாமித் தட்டில் ஒரு படம்

அன்புள்ள ஐயா,

என் அப்பா கண்டியிலிருந்து தாயகம் திரும்பி, கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். இறந்தபோது மொட்டை போட்டுக்கொண்டார். லைன் வீட்டுச் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) சாமித் தட்டில் முருகனுக்குப் பக்கத்தில் எம்.ஜி.ஆர். படத்தை வைத்து, சாகும்வரை விளக்கேற்றினார். வேண்டுதல் எல்லாம் முருகனிடம்தான், எம்.ஜி.ஆரிடம் வீட்டுச் சேதிகளைச் சொல்வார். நண்பர்கள் இதை மூடத்தனம் என்கிறார்கள். துக்கம் ஒரு மனிதரைச் சாமியாக்கிவிடுமா?

ச., கோத்தகிரி

அன்புள்ள ச.,

ஆக்கும். ஆனால் ஒரே நாளில் ஆக்கிவிடாது.

மொட்டையைவிட அந்தத் தட்டுதான் என்னை யோசிக்க வைத்தது. நான் பார்த்த லைன் வீடுகளில் அடுப்புக்கரி படியாத இடம் ஒன்றே ஒன்றுதான். அங்கே சாமி இருக்கும். மதிப்புள்ள படத்தை வேறெங்கே வைப்பது? வைத்த பிறகு, முருகனுக்குக் காட்டும் சூடத்தை அவருக்கு மட்டும் மறைத்தா காட்ட முடியும்? முதலில் கை பழகுகிறது. நம்பிக்கை பின்னால் மெதுவாக வந்து சேருகிறது.

எம்.ஜி.ஆர். பிறந்தது இலங்கை மலைநாட்டு நாவலப்பிட்டியில் என்பது உங்கள் அப்பாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? 1964 ஒப்பந்தத்தில் இந்திய, இலங்கை அரசுகள் தலையெண்ணிப் பிரித்துக்கொண்ட ஜனங்களில் உங்கள் அப்பாவும் ஒருவர். அதே மலைநாட்டில் பிறந்தவர் இங்கே கோட்டையில் முதலமைச்சராக இருந்தார். அந்த உறவுக்குச் செய்முறை செய்ய மெரினா வெகுதூரம். மொட்டை பக்கத்தில் கிடைத்தது.

அங்கே சமாதியில் காதை வைத்தால் அவருடைய கைக்கடிகாரம் ஓடுவது கேட்கும் என்பார்கள். நானும் வைத்துப் பார்த்திருக்கிறேன். கல் சூடாக இருந்தது, அவ்வளவுதான். எனக்கு முன்னால் குனிந்த பெரியவர் மட்டும் தலையசைத்துக்கொண்டே எழுந்தார். என்ன கேட்டது என்று விசாரிக்க மனம் வரவில்லை.

பகுத்தறிவு பேசிய இயக்கத்தில் வந்தவருக்கா இது என்று உங்கள் நண்பர்கள் சிரிக்கலாம். போரில் யானையை எறிந்து வீழ்ந்த வீரனின் நடுகல்லைத் தவிர, நெல் தூவிக் கும்பிட வேறு கடவுள் இல்லை என்கிறது புறநானூறு. உங்கள் ஊர்ப்பக்கம் மார்கழியில் வெள்ளை உடுத்திப் பேரகணிக்கு நடக்கும் படுகர்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே அவர்கள் கும்பிடும் தெய்வம் ஹெத்தை. ஹெத்தை என்றால் அவர்கள் பேச்சில் பாட்டி.

எல்லா மதமும் இதற்கு இடம் கொடுப்பதில்லை. 632இல் மதீனாவில் நபிகள் மறைந்தபோது, அவர் இறக்கவில்லை என்று அவருடைய தோழர் உமர் ஆவேசப்பட்டார். முகம்மதை வணங்கியவர்கள் கேளுங்கள், அவர் இறந்துவிட்டார். அல்லாவை வணங்குகிறவர்கள் கேளுங்கள், அவன் சாவில்லாதவன் என்றார் இன்னொரு தோழர் அபூபக்கர். பெருந்துக்கத்தின் நடுவே அப்படியொரு கோடு கிழிக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

உங்கள் அப்பாவும் ஒரு கோடு கிழித்துத்தான் வைத்திருந்தார். கேட்பது முருகனிடம், சொல்வது எம்.ஜி.ஆரிடம். சேதி சொல்கிற வரைக்கும் அவர் போய்விட்ட மனிதர். பிள்ளை பரீட்சையில் தேற வேண்டும் என்று யாராவது அவரிடம் கேட்டுவிட்டால், அன்றைக்கு அவர் சாமி. இதில் மூடத்தனம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பாவுக்குப் பிறகு விளக்கை யார் ஏற்றுகிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அவர் படமும் இப்போது அந்தத் தட்டில்தானே இருக்கும்? அதன் முன்னால் நின்று நீங்கள் சேதி சொல்கிறீர்களா, ஏதாவது கேட்கிறீர்களா?