தாத்தாவின் பென்ஸ் லாரி

கேள்வி: தாத்தா ஓட்டிய பழைய டாட்டா-பென்ஸ் லாரி இருபது வருஷமாக ஷெட்டிலேயே நிற்கிறது. புது பேட்டரி மாட்டி ஸ்டார்ட் பண்ணலாமா?
- வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: பேட்டரியை முதலில் கீழே வையுங்கள் தம்பி! முகப்பில் அந்த மூன்று முனை நட்சத்திரம் இருக்கிறதா? டாட்டாவும் டைம்லர்-பென்ஸும் 1954 முதல் 1969 வரை கூட்டாகச் செய்த வண்டி. எங்கள் கலாசிபாளையத்தில் அதன் சத்தத்தைக் கேட்டே வளர்ந்தவன் நான்.

டீசலைப் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு ஊற விடுங்கள். பிறகு இன்ஜின் முன்பக்கம் பெல்ட் ஓடும் சக்கரமான கிராங்க் புல்லியின் நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றுங்கள். அசையாவிட்டால் இன்னும் ஊறட்டும்; முரட்டுத்தனம் வேண்டாம். நாசிலை மாட்டுவதற்கு முன் இன்ஜினைக் கையால் சுற்றியே தேங்கிய ஆயிலை வெளியே தள்ளிவிடுங்கள்.

டேங்கில் இருப்பது டீசல் இல்லை, பிசின். கழுவி, ஃபில்டர் மாற்றி, டீசல் பம்ப் வரை குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள், அதாவது ஏர் எடுங்கள்.

முக்கியமான சங்கதி: பல வருஷம் நின்ற டீசல் பம்பில், டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ராக் என்ற கம்பி ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்டார்ட் ஆனதும் வண்டி பேய் பிடித்ததுபோல் அலறும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. பம்பைத் திறந்து ராக் தாராளமாக ஓடுகிறதா என்று பாருங்கள். அப்போதும் ஏர் இன்டேக் வாயை அடைக்க ஒரு பலகையோடு ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். கையை வைக்கக் கூடாது!

இன்ஜின் ஓடிவிட்டதே என்று ரோட்டுக்கு எடுக்காதீர்கள். பிரேக் வீல் சிலிண்டர் ரப்பர் எல்லாம் செத்திருக்கும். ஜே.சி. ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் பழைய சாம்பிளைக் கையோடு கொண்டுபோய்க் கேளுங்கள்.