கரும்பச்சையா, பீஜா? உள்சுவர் வண்ணம் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: எங்கள் ஹாலுக்கு ஒரே ஜன்னல். அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து இருக்கிறது. கரும்பச்சை அடிக்கலாமா?

நாலு சுவருக்கும் வேண்டாம். பெயிண்ட் கம்பெனிகள் பல, ஒவ்வொரு ஷேடுக்கும் 'எல்ஆர்வி' என்று ஓர் எண் தருகின்றன. விழுகிற வெளிச்சத்தில் சுவர் எவ்வளவைத் திருப்பித் தருகிறது என்பதன் அளவு அது. கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100. கரும்பச்சை பெரும்பாலும் 10-ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ நிற்கும். இளம் பீஜ், அதாவது வெளிர் சந்தன நிறம், 60-ஐத் தொடும். உங்கள் ஹாலில் முழுக்கப் பச்சை அடித்தால் பகலிலேயே லைட் போட வேண்டிவரும். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மட்டும் பச்சை, மற்றதெல்லாம் பீஜ் என்று வையுங்கள். ஜன்னல் உள்ள சுவரில் அடர் நிறம் வந்தால் வெளி வெளிச்சத்தைப் பார்க்கும்போது கண் கூசும்.

கேள்வி: அடர் நிறம் அடித்தால் அறை சூடாகுமா?

உள்சுவரில் அந்தக் கவலை வேண்டாம். வெயில் படும் வெளிச்சுவரிலும் மொட்டை மாடியிலும்தான் நிறம் வேலையைக் காட்டும்.

கேள்வி: கடையில் சந்தன நிறமாகத் தெரிந்த பீஜ், வீட்டில் இரவானால் வெளிறிச் சாம்பலாகத் தெரிகிறதே?

பெயிண்டில் குறை இருக்காது. 6500 கெல்வின் வெள்ளை டியூப்லைட் போட்டிருப்பீர்கள் (வெளிச்சத்தின் நிறச் சாயலைச் சொல்லும் அளவு கெல்வின்). மஞ்சள் சாயலுள்ள 3000 கெல்வின் பல்பு ஒன்றை மாட்டிப் பாருங்கள், சந்தனம் திரும்பி வரும். அதே பல்பில் கரும்பச்சை சற்று ஆலிவ் பக்கம் சாயும். இதனால்தான் ஷேடு கார்டை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். சாம்பிள் டப்பா வாங்கி, இரண்டடி அட்டையில் இரண்டு கோட் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். காலையில் ஒரு தடவை, இரவில் உங்கள் வீட்டு லைட்டிலேயே ஒரு தடவை, சுவரோடு ஒட்டி வைத்துப் பாருங்கள்.

கேள்வி: சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு எது தாங்கும்?

இரண்டிலும் அழுக்கு தெரியும், வகைதான் வேறு. பீஜில் கை அழுக்கும் பென்சில் கோடும். பச்சையில் நாற்காலி உரசினால் வெள்ளைக் கீறல். பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் என்றால் துடைத்த இடம் மட்டும் திட்டாகப் பளபளக்கும். பச்சை மாதிரி அடர் நிறத்தில் டச்-அப் செய்தாலும் ஒட்டுப் போட்டது தெரியும். என் தேர்வு, லேசாகப் பளபளக்கும், துடைக்கக்கூடிய சாட்டின் ஃபினிஷில் பீஜ். ஆனால் சாட்டின், பெயிண்டுக்கு முன் சுவரைச் சமமாக்கப் பூசும் பட்டியின் மேடுபள்ளத்தைக் காட்டிக்கொடுக்கும். பட்டி வேலையை நின்று பார்த்து வாங்குங்கள். ஓதம் ஏறும் சுவரென்றால் பச்சை வேண்டவே வேண்டாம், உப்புப் பூத்தால் தூரத்திலிருந்தே தெரியும். முதலில் கசிவைச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: பச்சை அலுத்துப்போனால் பீஜுக்கு மாறுவது கஷ்டமா?

இல்லை. லேசாகத் தேய்த்து, வெள்ளை ப்ரைமர் (அடிப்பூச்சு) அடித்து, அதன்மேல் இரண்டு கோட் பீஜ். பச்சை எட்டிப் பார்த்தால் ப்ரைமரை இன்னொரு கோட் அடிக்கச் சொல்லுங்கள், விலை கூடிய பெயிண்டை அதற்காக வீணாக்க வேண்டாம்.