பீச்சம் என்றால் பீச்சம்தான்

அன்புள்ள ஐயா,

நான் இங்கிலாந்தில், லெஸ்டரில் வேலை பார்க்கிறேன். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு படித்தவன். இங்கே ஒரு கோட்டைக்கு வழி கேட்கும்போது, எழுத்தைப் பார்த்து 'பெல்வுவார்' என்றேன். சிரித்துவிட்டு 'பீவர்' என்றார்கள். 'போஷாம்' என்று வரவேண்டிய குடும்பப்பெயரையும் 'பீச்சம்' என்கிறார்கள். அழகான பிரெஞ்சுப் பெயர்களை இப்படிச் சிதைக்கலாமா? ஒரு சரித்திர நாவலை மொழிபெயர்த்து வருகிறேன். இந்தச் சிதைந்த உச்சரிப்பையா தமிழில் எழுதுவது, சிதையாத மூலத்தையா?

*

அன்புள்ள தம்பி,

சிரித்தவர்களை விடுங்கள். புது ஊரில் எல்லோருக்கும் நடப்பதுதான். ஆனால் 'சிதைக்கலாமா', 'சிதைந்த', 'சிதையாத' என்று ஒரே மூச்சில் எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் விட முடியவில்லை. சில நாட்களாக நானும் இந்தப் பெயர்களோடுதான் இருக்கிறேன்.

போஷாம் என்றால் அழகிய வயல். லத்தீன் ஆவணங்களில் 'தெ பெல்லோ காம்போ'. பிரான்சில் ஊர்ப்பெயராக இருந்தது, 1066இல் பிரான்சின் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அந்தப் பிரபுக்களோடு குடும்பப்பெயராகக் கடல் தாண்டியது. அன்று வந்த பிரெஞ்சும் இன்று நீங்கள் படித்த பிரெஞ்சும் ஒன்றா? அதைக் கேட்காமல் எப்படித் தீர்ப்புச் சொன்னீர்கள்?

அன்றைய பிரெஞ்சில், போஷாமில் 'ஷ' வரும் இடத்தில் இருந்த ஒலி 'ச்ச'. அதை 'ஷ' ஆக்கியது 13ஆம் நூற்றாண்டு வாக்கில் பிரான்ஸ்தான். இங்கிலாந்து பழையதையே வைத்துக்கொண்டது. 'சீஃப்', 'ஷெஃப்' இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் தலைவன் என்ற ஒரே பிரெஞ்சுச் சொல். முதலாவது இடைக்காலத்தில் வந்ததால் 'ச்ச', அடுத்தது 19ஆம் நூற்றாண்டில் சமையலறை வழியாக வந்ததால் 'ஷ'. 'பியூட்டி'யின் முதல் அசையும் அப்படித்தான். பிரெஞ்சுக்காரர் இன்று 'போத்தே' என்கிறார். அதற்காக பியூட்டி சிதைவு என்று யாராவது சொல்கிறார்களா? ஹாம்ப்ஷயரில் 1204இல் ஜான் மன்னன் சிஸ்டர்சியன் என்ற கிறிஸ்தவத் துறவிகளுக்கு மடம் அமைத்த ஊரின் பெயர் 'அழகிய இடம்'. பாரிஸில் அதே எழுத்துகள் 'போலியு'. அந்த ஊரில் 'பியூலி'. முதல் அசையில் பழமை இருப்பது இங்கிலாந்து ஊரில்தான், பாரிஸில் இல்லை. நீங்கள் சொன்ன 'வுவார்' கூடப் பிரான்சில் பிற்பாடு நிலைத்த ஒலி. பீச்சம் என்பதில் 'பீ' வந்ததும் கடைசி அசை தேய்ந்ததும் ஆங்கில வாயின் வேலை, சரி. அந்த 'ச்ச' அப்படியல்ல, தம்பி. அது பிரெஞ்சுக்காரர்களே தொலைத்த பிரெஞ்சு.

வார்விக் செயின்ட் மேரி தேவாலயத்தில் ரிச்சர்ட் பீச்சம் பிரபுவின் கல்லறையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பொன்முலாம் பூசிய உலோக உருவம். கும்பிட்ட கைகள் ஒட்டாமல் சற்று விலகியிருக்கும், கண்கள் கூரையிலுள்ள மாதாவைப் பார்க்கும். பிரெஞ்சு வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க்கைப் பிரான்சின் ரூவான் கோட்டையில் விசாரித்தபோது கோட்டை இவர் பொறுப்பில் இருந்தது. 1439இல் அதே ரூவானில்தான் இறந்தார். பிரெஞ்சுப் பெயரோடு பிரான்சை ஆளப்போன இங்கிலாந்துக்காரர். அவர் பெயரை உங்கள் பாடப்புத்தகம் சொல்வதுபோல் திருத்த உங்களுக்கு என்ன உரிமை?

சிதைவு என்ற சொல்லைப் போட்டே ஆகவேண்டும் என்றால் வேல்ஸில் போடுங்கள். 1295இல் இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்ட் அங்குள்ள ஆங்கில்சி தீவில் ஒரு கோட்டையைத் தொடங்கி 'அழகிய சதுப்பு' என்று பிரெஞ்சில் பெயர் வைத்தான். அதற்காக அங்கிருந்த லன்வைஸ் ஊர் மக்களைக் கிளப்பி நியூபரோவுக்கு அனுப்பினார்கள். படகுத்துறையும் சந்தையும் இருந்த ஊர் அது. சிதைந்தது அந்த வாழ்க்கை. அந்தப் பெயரை வேல்ஸ் மக்கள் இன்று தங்கள் மொழியில் 'பியூமாரெஸ்' என்றே எழுதுகிறார்கள், காதில் விழுவதுபோல. அவர்கள் செய்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்புறம் உங்கள் நாவல். பாத்திரம் இங்கிலாந்துக்காரர் என்றால் பீச்சம், இன்றைய பிரான்ஸ்காரர் என்றால் போஷாம். ஊர்ப்பெயருக்கும் அதுதான்: அமெரிக்காவின் டெக்ஸஸில் உள்ள போமான்ட் 19ஆம் நூற்றாண்டு ஊர், அங்கே சொல்வதுபோலவே எழுதுங்கள். முன்னுரையில் 'சிதைந்த உச்சரிப்பு' பற்றி ஏதாவது எழுதியிருந்தால் அச்சுக்குப் போவதற்கு முன் எடுத்துவிடுங்கள்.