லாகின் முடிந்த பிறகும் பேக் அழுத்தினால் லாகின் திரையே வருவது ஏன்?

மொபைல் செயலி எழுத உதவும் ஃபிளட்டரில் நீங்கள் புஷ் செய்யும் (அதாவது புதிதாகத் திறக்கும்) ஒவ்வொரு திரையும் முந்தையதன் மேல் தட்டு அடுக்குவதுபோல் உட்காரும். பேக் பட்டன் மேல் தட்டை எடுக்கும், அவ்வளவுதான். முகப்புக்கு அடியில் லாகின் இன்னும் கிடக்கிறது, அதுதான் தலைகாட்டுகிறது.

இதற்கு, திரை அடுக்கைக் கவனிக்கும் நேவிகேட்டரில் புஷ்ரீப்ளேஸ்மென்ட் (pushReplacement) போடச் சொல்வார்கள். அது மேலே இருக்கும் ஒரு திரையை மட்டுமே மாற்றும். அறிமுகத் திரை, மொபைல் எண், ஓடிபி என மூன்று தாண்டி வந்திருந்தால் ஓடிபி மட்டும் போகும், மற்ற இரண்டும் அப்படியே இருக்கும். அங்கே புஷ்அண்ட்ரிமூவ்அன்டில் (pushAndRemoveUntil) எழுதி, நிபந்தனையில் ஃபால்ஸ் திருப்பி அனுப்புங்கள். அடியிலுள்ள எல்லாம் காலி. லாக்அவுட்டுக்கும் இதே வழிதான்.

பேக் பட்டனையே முடக்கும் குறுக்குவழி வேண்டாம். பயனருக்குச் செயலி உறைந்துவிட்டதாகத் தோன்றும். சேமிக்காத படிவத்தில் மட்டும், பேக் அழுத்துவதை இடைமறிக்கும் பாப்ஸ்கோப் (PopScope) வைத்து, ‘வெளியேறவா?’ என்று கேட்கலாம்.